கரடியனாற்றுச் சுவரில் நின்ற துவக்கு

துவக்கு என்று நாங்கள் சொல்கிற துப்பாக்கியின் குழலுக்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கமரா ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். கம்பி மாதிரி வளையும், நுனியில் விளக்கு எரியும், உள்ளே கிடப்பதெல்லாம் கைபேசியில் தெரியும் என்று பழம்பொருள் காப்பகத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார்கள். நல்லதுதான். "அப்ப ஐயா, நீங்க எல்லாரும் என்னெண்டு பார்த்த நீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "கம்பால குத்தித்தான்" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தக் கம்பு எங்களுக்குச் சொன்னவற்றில் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், துவக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற மேசையில் இருந்த கிளாக்கர். வருசத்துக்கு ஒருதரம் வயல்காரர்கள் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். இலக்கத்தைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்ப வேண்டியது. அதோடு நின்றிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இது ஆர்ட துவக்கு? எப்பிடி உங்கட வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டுக் கேட்டுக் கொப்பி கொப்பியாக எழுதி வைத்தேன். அதைப் பார்த்த யாரோ ஒரு மேலதிகாரி, வாவிக்கரையில் இருந்த பழம்பொருள் காப்பகத்துக்கு என்னை மாற்றிவிட்டார். பழைய துவக்குகளைச் சேர்ப்பதும் அவற்றின் கதையைத் தேடுவதும் வேலை. கொழும்பில் மூன்று மாதம் படிப்பித்தார்கள். அதில் பாதி மறந்துபோயிற்று. மிச்சமெல்லாம் கிளெமென்ற் ஐயாவோடு சண்டை பிடித்துப் படித்தது.

கிளெமென்ற் ஐயா பறங்கியர். அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்துத் துவக்குகளைத் திருத்தியவர்கள். காப்பகப் பட்டறைக்கு அவர்தான் பொறுப்பு. ஆறடி ஆள், நாக்கு மட்டும் ஏழடி. எந்தத் துவக்கு வந்தாலும் முதலில் அவரைத் தவிர வேறு யாரும் கிட்டப் போகக்கூடாது. குழல்வாய் சுவரைப் பார்க்கும்படி மேசையில் கிடத்துவார். ஒரு பக்கமாக நின்று குழலில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள ஆர்?" என்று கேட்பார். விளையாட்டுக்கில்லை. கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு நேரமும் கொடுப்பார்.

முதல்நாள் நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத. உள்ள ஆளிருந்தா அவனுக்கு உன்ட சிரிப்புப் பிடிக்காது" என்றார்.

பிறகுதான் கம்பு. எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் வாய்வழி வெடிமருந்து கெட்டிக்கிற துவக்குகள். குழல்வாயால் மருந்தைக் கொட்டி, மேலே தும்போ தாளோ வைத்துக் கம்பால் இடித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடியும் தும்பு வைத்து இடிக்க வேண்டும். அந்த அடைப்புக்குத்தான் கெட்டிப்பு என்று பெயர். பின்பக்கம் ஒரு சின்ன மூக்கு இருக்கும். அதில் கேப்பு என்கிற செப்புத் தொப்பியைச் செருகினால், விசையை இழுக்கும்போது குதிரை என்கிற சுத்தியல் அதன்மேல் விழுந்து பொறி கிளம்பும். உள்ளே மருந்து கிடக்கிறதா என்று வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கம்பைக் குழலுக்குள் அடி வரைக்கும் விட்டு, வாயோரத்தில் சோக்குக் கட்டியால் கோடு போடுவோம். அதே கம்பை வெளியே எடுத்து, கோடு குழல்வாயில் நிற்கக் குழலோடு ஒட்டிப் பிடிப்போம். கம்பின் நுனி மூக்கு வரைக்கும் போனால் வெறுங்குழல். நாலு விரல் குறைந்தால் உள்ளே ஒரு கெட்டு, அதாவது ஒரு வெடிக்குரிய மருந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

வாழைச்சேனையில் வலையில் சிக்கி வந்த துவக்கு ஒன்று ஐயா தட்டினபோது உள்ளிருந்து திருப்பித் தட்டியது. நாங்கள் இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிவிட்டோம். பிறகு பார்த்தால் நண்டு. சிரித்துச் சமாளித்தோம், ஆனால் அன்றைக்கு மத்தியானம் ஒருத்தரும் சோறு தின்னவில்லை.

எல்லாவற்றுக்கும் நண்டு கிடைக்காது. சித்தாண்டியில் ஒரு வீட்டில் வெள்ளிதோறும் துவக்குக்கு முன்னால் சோறு வைத்தார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "வைக்காட்டி வீட்டுக்குள்ள மருந்துப் புகை மணக்கும்" என்றாள் வீட்டுக்காரி. படங்காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு துவக்கை வாங்கி வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த முதல் வெள்ளி, காலை பத்து மணி போல அறை முழுக்க அந்த மணம். வெறுங்குழல் அது, நானே கம்பு விட்டுப் பார்த்தது. கிளெமென்ற் ஐயா தன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து, ஒரு பிடி சோறு எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மணம் போய்விட்டது. இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. அறிக்கையிலும் எழுதவில்லை.

இனி, நான் எழுத வந்த துவக்கு.

யுத்தம் முடிந்து சனம் திரும்பி வந்த காலம். கரடியனாற்றில் வீட்டுத்திட்டத்துக்காக ஒரு பழைய மண்வீட்டை இடித்தார்கள். அறைச்சுவரின் நடுவில், மண்ணுக்குள் ஆள் நிற்கிற மாதிரி, ஒரு துவக்கு நின்றது. எண்ணெய்ச் சாக்கால் சுற்றியிருந்தது. இடித்த மேசன்மார் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். பொலிஸ் வந்து பார்த்து, இது பழங்காலத்துச் சாமான் என்று ஒரு கடிதத்தோடு எங்களிடம் அனுப்பியது. துவக்கு வந்த ஜீப்பிலேயே வீட்டுக்காரியும் வந்து இறங்கினார். பூரணம் என்று பெயர். எழுபது வயதிருக்கும். மெலிந்த தேகம், குரல் மட்டும் நல்ல கனம்.

"இது என்ட புருசன் சாமித்தம்பிட துவக்கு, தம்பி. இதால அவர் என்ட அண்ணனச் சுட்டவரா, இல்லையா எண்டு எனக்குத் தெரியோணும். அதுக்குத்தான் வந்த நான்."

வாசல் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தோம். தொடவில்லை. கதையை மட்டும் சொன்னார். யுத்தத்துக்கு முந்திய காலம் அது. வயலில் பன்றி விழுகிறதென்று விடியப்புறம் சாமித்தம்பி, அண்ணன் உட்பட நாலு பேர் துவக்கோடு பன்றி கலைக்கப் போயிருக்கிறார்கள். மழைத்தூறல், பனி, பத்தடிக்கு அங்கால் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வெடி கேட்டது. பார்த்தால் பூரணத்தின் அண்ணன் வரம்பில் கிடக்கிறார். கிட்ட நின்றவர் சாமித்தம்பி. மச்சானும் மச்சானும் முதல் கிழமைதான் எல்லைக் கட்டையால் வாய்த்தர்க்கப்பட்டிருந்தார்கள். போதாதா?

"அவர் சொன்னது ஒண்டுதான். 'என்ட துவக்கு வெடிக்கல்ல.' எங்கட ஆக்கள் துவக்கப் பறிச்சி மணந்து பார்த்தாங்க. மருந்து மணம் அடிச்சிது. மறுகா என்ன கேள்வி? அந்த எடத்திலேயே துவக்க வாங்கிட்டுப் போய் அப்பாட வீட்டுல சாத்திட்டாங்க. பொலிசில எல்லாரும் தவறி நடந்ததெண்டு சொன்னாங்க. ஊருக்குள்ள அவர்தான் கொலைகாரன்."

"மணந்து பார்த்தாங்களாம்!" என்று கிளெமென்ற் ஐயா உள்ளிருந்து சத்தம் போட்டார். "ஒருக்கா வெடிச்ச துவக்குக் கழுவினாலும் ஒரு மாசம் மணக்கும். முந்தின நாள் பன்றிக்கு வெடி வைச்சிருப்பான். மூக்கால தீர்ப்புச் சொல்ற ஊர்!"

பிறகு வழக்கம்போல் துவக்கைக் கிடத்தி, இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள ஆர்?" என்றார்.

"அவர்தான்" என்றார் பூரணம் விறாந்தையிலிருந்து.

அத்தனை வருசத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு மனுசர் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

கம்பை விட்டோம். கோடு போட்டு வெளியே பிடித்தால், குறைகிறது. இங்கேதான் நான் பிழை விட்டேன். எவ்வளவு குறைகிறது என்று கூடப் பார்க்காமல், நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் விறாந்தைக்கு ஓடினேன்.

"அம்மா, மருந்து உள்ளுக்குத்தான் கிடக்கு! துவக்கு வெடிக்கவே இல்ல. அவர் சுடல்ல!"

அழுவார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் அந்தப் பார்வையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அந்த மருந்து நான் போட்டது, தம்பி. அண்ணன் செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவு அண்டைக்கு, எல்லாரும் படையல் வேலையில நிக்கக்குள்ள, அப்பாட வீட்டுல இரிந்து துவக்க எடுத்துட்டு வந்தன். கெட்டிக்கத் தெரியும் எனக்கு. அப்பாக்கு மருந்து இடிச்சிக் குடுத்ததே நான்தான். கலண்டர்ல அண்டைய தாளக் கிழிச்சி அடைச்சன். மத்தியானம் அவர் படுத்துக் கிடந்தார். நெஞ்சுக்கு நேர பிடிச்சி இழுத்தன். குதிரை விழுந்திது. கேப்பு 'டிக்' எண்டிது. வெடிக்கல்ல." இத்தனையும் சந்தைக்குப் போய் வந்த கதை மாதிரிச் சொன்னார். "நான் போட்டதுக்குக் கீழ என்னவும் கிடக்கா எண்டு பாருங்க. அதுதான் எனக்கு வேணும்."

கிளெமென்ற் ஐயா என்னைத் தள்ளிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் குந்தினார்.

"கெட்டிக்கக்குள்ள கம்பு எவ்வளவு வெளியில நின்டது, அம்மா?"

"அத ஆரு பார்த்த?"

விசயம் இவ்வளவுதான். சாமித்தம்பி அன்றைக்குச் சுட்டிருந்தால் குழல் வெறுமையாக இருந்திருக்கும்; பூரணம் போட்ட ஒரு கெட்டு மட்டும்தான் உள்ளே கிடக்கும். சுடாமல் இருந்திருந்தால் அவருடைய மருந்து அடியில் கிடக்க, அதன்மேல் இவருடையது கிடக்கும். ஒன்று கிடந்தால் அவர் கொலைகாரர். இரண்டு கிடந்தால் இல்லை. துவக்கு அந்த இடத்திலேயே பறிக்கப்பட்டதால் இடையில் அவர் மறுபடி கெட்டித்திருக்கவும் வழியில்லை.

உள்ளே வந்து ஐயா கம்பை வைத்து அளந்தார். நாலு விரல் இல்லை. எட்டு விரல் குறைந்தது. என் மனசு துள்ளியது. "எட்டு விரல் குறையுது, ஐயா!" என்றேன்.

"உன்ட வாயை அந்த வைஸ் இடுக்கியில வைச்சி இறுக்கு. அடியில துருவாயிரிக்கலாம், குளவி மண்ணாயிரிக்கலாம். ஒரு மனுசிக்கு இன்னொருக்காப் பொய் சொல்லப் போறியா?"

உள்ளே மருந்து கிடக்கிற குழலைத் தோண்ட முடியாது. முதலில் மருந்தைக் கொல்ல வேண்டும். மூக்கைக் கழற்றி, அந்த ஓட்டையாலும் வாயாலும் தண்ணீர் விட்டு, முற்றத்து மணற்பெட்டிக்குள் குழலை நிமிர்த்தி வைத்தோம். இரண்டு நாள் ஊற வேண்டும். பூரணம் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனார். வீட்டுக்குப் போய் இருங்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றால் கேட்டால்தானே!

அந்த இரண்டு நாளும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதுதான் என்னை அதிகம் அலைத்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு துவக்கு வீட்டில் காணாமல் போய்விட்டது. புருசன் குளத்தில் எறிந்திருப்பார் என்று நினைத்தாராம். வயிற்றில் பிள்ளை, அதனால் விட்டுப் போகவும் முடியவில்லை. இவர் சமைத்து வைப்பார், அவர் எடுத்துத் தின்பார். தேவைக்கு மட்டும் பேச்சு. யுத்த காலத்தில் வந்தவன் போனவனெல்லாம் அந்த வீட்டைக் கிண்டித் தேடியிருக்கிறான். கூரை இரண்டு தரம் எரிந்தது. சுவர் அப்படியே நின்றது.

"அந்தச் சுவருலதான் நான் தல வைச்சிப் படுத்த நான். எனக்குத் தெரியாம அவர் வைச்சிப் பூசி, உள்ளுக்கு அது நின்டிரிக்கு. மழைக்குள்ளயும் அந்தச் சுவர் சுடும், தம்பி. காச்சக்காரன்ட நெத்தி மாதிரி. செத்துப் போற வரைக்கும் அவர் அந்தச் சுவருக்கு ஒரு ஆணி அடிக்க விடல்ல."

இரண்டாம் நாள் உச்சிவேளை. காற்று இல்லை, வாவி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. முற்றத்தில் தனியே நின்ற குழலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நீளமாக ஒரு மூச்சு. நின்று, பிறகு இன்னொன்று. நான் கையில் இருந்த கோப்பையைப் போட்டுவிட்டேன்.

பூரணம் திரும்பிப் பார்த்தார். "இது அவர் நித்திரையில விடுற மூச்சு" என்றார். பயந்த மாதிரியே தெரியவில்லை. முப்பது வருசம் பக்கத்தில் கேட்ட சத்தம் என்கிற மாதிரித்தான் சொன்னார்.

"கெட்டிப்புக்கு இடையில கிடந்த காத்துத் தண்ணிக்கால வெளியேறுது" என்று கிளெமென்ற் ஐயா எனக்குச் சொன்னார். சொல்லும்போது சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை குழலை வைஸில் இறுக்கினோம். அந்த வருசம் ஐயாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அதை மறைப்பதற்காக என்மேல் எரிந்து விழுவார். "நீயே திருகு. மெதுவா. உன்ட அவசரத்த வீட்டுல வைச்சிட்டு வந்தனியா?" என்றார். கம்பின் நுனியில் பன்றிவால் மாதிரிச் சுருண்ட திருகு இருக்கும். குழல்வாய்க்கு முன்னால் நிற்காமல், பக்கமாக நின்று திருகி இழுக்க வேண்டும். பூரணம் உள்ளே வந்து சுவரோரம் நின்றார். வெளியே போகச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

முதலில் ஊறிய தாள் வந்தது. விரித்தால் பாதித் திகதி தெரிந்தது, கீழே ராகுகாலம். "என்டதுதான்" என்றார். ரவை தட்டில் கொட்டியது. பிறகு இன்னொரு தாள், பிறகு கறுத்த கூழாக மருந்து. ஒரு கெட்டு முடிந்தது. கம்பை விட்டுக் கோடு போட்டேன். இன்னும் நாலு விரல் குறைந்தது.

நான் வாய் திறக்கவில்லை.

மறுபடியும் திருகினேன். துருத்தூள் வந்தது. மறுபடியும் துருத்தூள்தான். எனக்குக் கை சோர்ந்துவிட்டது. ஐயா பூரணத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாந்தரம் திருகு எதையோ கவ்விப் பிடித்தது. இழுத்தால் வர மாட்டேன் என்கிறது. ஐயாவும் என் கைக்கு மேல் கையை வைத்தார். இருவரும் இழுத்தோம். 'பொக்' என்று வந்தது. தேங்காய்த் தும்பு. மூன்று புரியாகப் பின்னிச் சின்ன முடிச்சாகக் கட்டின தும்பு.

பூரணம் கிட்ட வந்து அதைக் கையில் எடுத்தார்.

"மூணு புரி. இப்பிடி அவர் மட்டுந்தான் பின்னுவார். மத்தவங்க சும்மா உருட்டி வைப்பாங்க."

அதன் கீழே ரவை, இன்னொரு முடிச்சு, அடியில் கட்டியாகிப் போன மருந்து. ஐயா அதைச் சுரண்டிப் பார்த்தார். "அண்டையத் தூறல்ல இது நனைஞ்சிட்டுது, அம்மா. மூக்கால வாற நெருப்பு முதல்ல இதுலதான் படும். இது பத்தல்ல. அதுதான் மேல கிடந்த உங்கட மருந்துக்கு நெருப்புப் போகல்ல. உங்கட புருசன் சுடல்ல. இது அவர் போட்டபடியே கிடக்கு."

அப்போ அண்ணனைச் சுட்டது யார் என்று நான் எதிர்பார்த்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. அன்றைக்குத் துவக்கோடு போன மற்ற இரண்டு பேரும் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள். தும்பு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டது வேறு.

"அண்டைக்கு நெருப்புப் பிடிச்சிரிந்தா என்ன நடந்திரிக்கும்?"

கிளெமென்ற் ஐயா தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. "ரெண்டு கெட்டு ஒண்டாப் பத்தினா இந்தக் குழல் தாங்காது. பின்பக்கம் பிளந்திரிக்கும். அவருக்கு என்ன நடந்திரிக்குமோ தெரியாது. உங்கட கை ரெண்டும் போயிரிக்கும்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"உள்ளுக்குத் தன்ட மருந்து கிடக்கெண்டு அவருக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்?"

பூரணம் முடிச்சைத் தட்டில் வைத்தார். தன் கைகள் இரண்டையும் விரித்துப் பார்த்தார். ஊறின மருந்து பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது.

"குதிரை விழுந்த சத்தத்துக்கு அவர் கண்ண முழிச்சார். நான் துவக்கோட நிக்கன். கொல்லப் போறார் எண்டுதான் நினைச்சன். எழும்பி வந்து துவக்க வாங்கி அங்கால வைச்சார். மறுகா என்ட ரெண்டு கையையும் பிடிச்சி, விரல் விரலாத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒண்டும் பேசல்ல. என்னத்தப் பாக்கார் எண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கல்ல, தம்பி."

பிறகு, யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னார்.

"கொலைகாரன்ட கை எண்டு உதறிப்போட்டன். அதுக்குப் பிறகு அவர் என்னத் தொட்டதே இல்ல."